உயிர்ப்பின் உறைவிடம்

மனிதன் பிறந்தவுடன் செய்யும் முதற்றொழில் மூச்சை உள்ளே வாங்குதல். இறுதியாகச் செய்யுந் தொழில் அதனை வெளியே விடுதல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமெல்லாம், விழித்திருப்பினும் உறங்கினும், கருதினும் கருதாதொழியினும், அத்தொழில் இடையறாது நிகழ்ந்து வருகின்றது. ஓய்ந்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 15 முறை சுவாசிக்கின்றார் எனக் கொண்டால், ஒரு நாளில் அவர் சுவாசிப்பது 21,600 முறையாகும். யோக நூல்கள் வகுத்த கணக்கும் இதுவே. சிதம்பரத்துப் பொன்னம்பலத்தின் கூரையில் வேயப்பெற்ற பொன்னோடுகள் 21,600 எனக் கூறும் மரபும் இக்கணக்கைத் தழுவி எழுந்ததே. மூச்சின் எண்ணிக்கையை முன்னோர் இவ்வாறு கண்டு கூறினர். ஆயின், எண்ணுவார் ஒருவரும் இன்றி இத்தாளத்தை உடலினுள்ளே பிறப்பிப்பது யாது? அஃது எங்கே உறைகின்றது? இவ்வினாக்களுக்கு விடை தேடிய வரலாறு பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டது. தவறிய முடிபுகளும் அவற்றைத் திருத்திய முயற்சிகளும் மாறி மாறி வந்த அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் அருமையை முதலில் உணர்தல் வேண்டும். இதயம் தன் தாளத்தைத் தன்னுள்ளேயே உடையது. தவளையொன்றின் இதயத்தை உடலினின்றும் பிரித்தெடுத்து ஏற்ற உப்புநீரில் இட்டால் அது தொடர்ந்து துடிக்கக் காணலாம். சுவாசப்பை அத்தகையதன்று. தானாக விரியத்தக்க தசை அதற்கில்லை. பிரிமென்றகடு கீழிறங்கவும் விலாவிடைத் தசைகள் விலாவெலும்புகளை உயர்த்தவும் மார்பறை விரிகின்றது. அதன் வழியே சுவாசப்பையும் விரிகின்றது. அத்தசைகளோ நரம்பின் ஏவலின்றி அசையமாட்டா. ஆகவே, சுவாசத்தின் தாளம் சுவாசப்பையிலும் இல்லை. அதனை இயக்கும் தசையிலும் இல்லை. ஏவல் பிறக்கும் இடத்தை நரம்புத் தொகுதியிலேயே தேடுதல் வேண்டும்.

இத்தேட்டத்தைத் தொடங்கியவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவராவர். பெர்கமம் நகரிலே வாட்போர் மல்லருக்கு மருத்துவராகப் பணிபுரிந்து, பின்னர் உரோமாபுரியிற் பெரும்புகழ் எய்தியவர் அவர். கழுத்திற் காயமுற்றோர் சிலர் உடனே மாள்வதும், சிலர் கைகால் அசைவிழந்தும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதும் இத்தகைய மருத்துவர் அறியாதன அல்ல. கேலன் விலங்குகளின் முண்ணாணை வெவ்வேறு மட்டங்களில் வெட்டி, விளைவுகளை ஒப்புநோக்கினார். கழுத்தின் அடிப்பகுதியில் வெட்டியபொழுது விலாத் தசைகள் ஓய்ந்தன. பிரிமென்றகடு மட்டும் இயங்கிற்று. தலையோட்டை அடுத்து, முதன் முள்ளெலும்புகளின் மட்டத்தில் வெட்டியபொழுதோ சுவாசம் அக்கணமே நின்றது. எனவே, சுவாசத்துக்குரிய ஏவல் அவ்வெட்டுக்கு மேலிருந்து வருகின்றது என்பது பெறப்பட்டது. கேலன் எழுதிய நூல்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் போற்றி ஓதப்பட்டன. ஆயின், அவர் கைக்கொண்ட சோதனை முறையைப் போற்றியோர் மிகச் சிலரே. ஆசிரியன் கூற்றைக் காத்து, அவன் கண்ட வழியைக் கைவிடுதல் கல்வி வரலாற்றிற் பலகாலும் நிகழ்வதொன்றாம்.

கேலன் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சி மீண்டும் தொடங்கியது பிரான்சு நாட்டிலேயாகும். 1760இல் லொறி என்னும் மருத்துவர், உயிர் வாழ்தற்கு இன்றியமையாத பகுதியொன்று முண்ணாணின் மேலெல்லையை ஒட்டி உளது எனக் காட்டினார். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்திலே தலைவெட்டும் பொறியால் ஆயிரக்கணக்கானோர் மாண்டபொழுது, துண்டிக்கப்பட்ட தலையில் உணர்வு எஞ்சியிருக்குமோ என்னும் வினா மருத்துவரிடையே கடுமையாக விவாதிக்கப்பட்டது. உயிரின் இருப்பிடம் யாது என்பது, இவ்வாறு, ஏட்டு வாதமாக மட்டும் இல்லாத ஒரு காலத்திலேதான் லெகல்லுவா தம் ஆராய்ச்சியை மேற்கொண்டார்.

லெகல்லுவாவைத் தூண்டியது பிரசவம் பற்றியதொரு வினா. தாயுடன் உள்ள தொடர்பு அறுந்த பின்னர், மூச்சு வாங்கத் தொடங்குமுன், குழந்தை எவ்வளவு நேரம் உயிர் தாங்கும் என அறிய அவர் விரும்பினார். அதனை ஆராயப் புகுந்தவர், சுவாசத்தின் மூலத்தையே ஆராயலாயினார். இளமுயலொன்றின் தலையோட்டைத் திறந்து, மூளையை முன்னிருந்து பின்னாகத் துண்டு துண்டாக அகற்றி வந்தார். பெருமூளை முழுவதும் நீங்கியும் சுவாசம் நிற்கவில்லை. சிறுமூளை நீங்கியும் நிற்கவில்லை. நீள்வளைய மையவிழையத்தின் ஒரு பகுதி நீங்கிய பின்னரும் முயல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது. அலையும் நரம்பு புறப்படும் இடத்தை உள்ளடக்கிய துண்டு அகற்றப்பட்டபொழுதே சுவாசம் திடீரென நின்றது. 1812இல் வெளிவந்த அவர் நூல், சுவாசம் முழு மூளையையும் சார்ந்ததன்று, நீள்வளைய மையவிழையத்தின் சிற்றிடமொன்றையே சார்ந்தது என்னும் முடிபை நிறுவியது. தலை நீங்கிய விலங்கின் சுவாசப்பையினுள் காற்றைச் செலுத்தி வந்தால், அதன் உடலைச் சிறிது காலம் உயிருடன் வைத்திருக்கலாம் என்பதையும் அவர் செய்து காட்டினார். இவ்விரண்டாவது முடிபின் பயனை உலகம் அறிய நூற்று நாற்பது ஆண்டுகள் செல்லவிருந்தன.

லெகல்லுவாவின் வழியைப் பின்பற்றியவர் புளூரன்ஸ். அவர் அவ்விடத்தை மேலும் மேலும் சுருக்கிச் சென்று, குண்டூசியின் தலையளவினதான ஒரு புள்ளியிலே கொணர்ந்து நிறுத்தினார். அப்புள்ளியைக் குத்தினால் சுவாசம் நிற்கும், விலங்கு மாளும். அதற்கு அவர் இட்ட பெயர் ‘உயிர் முடிச்சு’ என்பதாகும். உயிர் முழுவதும் ஒரு புள்ளியிலே கட்டுண்டு கிடக்கின்றது என்னும் கருத்து கற்றோரையும் மற்றோரையும் ஒருங்கே கவர்ந்தது.

எனினும், இக்கருத்து நெடுங்காலம் எதிர்ப்பின்றி நிலைக்கவில்லை. 1858இல் பிறவுண்-செக்கார் என்னும் அறிஞர், அப்புள்ளியை அகற்றியபின் நிகழும் இறப்புக்கு அப்புள்ளியின் இழப்பே காரணமாதல் வேண்டுமென்பதில்லை என வாதித்தார். வெட்டினால் அயற்பகுதிகள் உறுத்தப்பட்டு, அதனாற் சுவாசம் தடைப்பட்டிருக்கலாம் என்றார். இத்தடையுரையின் உட்பொருள் ஆழமானது. வாய்க்காலின் ஓரிடத்தை அடைத்தால் வயலுக்கு நீர் வருவது நின்றுவிடும். அதனால், அடைத்த இடமே ஊற்று எனக் கொள்ளல் பொருந்துமா? கத்தி பட்ட இடத்திலே நரம்புக் கலங்களும் உள. அவ்வழியே கடந்து செல்லும் நரம்பு நார்களும் உள. நின்றுபோனது ஊற்றோ வழியோ என்பதைக் கத்தியால் வேறுபடுத்திக் கூற இயலாது. புளூரன்ஸ் காலத்தின் பின்னர் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு இத்துறையை அலைக்கழித்தது இந்த ஒரு வினாவேயாகும்.

இதற்கிடையே ஆராய்ச்சி வேறிரு திசைகளிற் சென்றது. 1868இல் வியன்னா நகரிலே ஹெறிங், புரோயர் என்னும் இருவர், சுவாசப்பை விரியும்போது அச்செய்தி அலையும் நரம்பின் வழியே மூளைக்குச் சென்று உட்சுவாசத்தை நிறுத்துகின்றது எனக் கண்டனர். இப்புரோயரே பிற்காலத்தில் உளநோய் ஆராய்ச்சியில் புரொய்டுடன் இணைந்து நூல் எழுதியவர். உட்சுவாசம் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும் இவ்வொழுங்கு, சுவாசத் தாளம் முழுவதும் ஒரு தெறிவினைச் சங்கிலியே என எண்ண இடந்தந்தது. ஆயின், அலையும் நரம்புகள் இரண்டையும் வெட்டிய பின்னரும் விலங்கு மூச்சு விடுகின்றது. மூச்சு மெதுவாகவும் ஆழமாகவும் மாறுகின்றதேயன்றி நின்றுவிடுவதில்லை. எனவே, அந்நரம்பு தாளத்தைத் திருத்துவதன்றிப் பிறப்பிப்பதன்று என்பது தெளிவாயிற்று.

இரண்டாவது திசை வேதியியலின்பாற்பட்டது. சுரங்கத் தொழிலாளர் மூச்சுத் திணறி மாளும் காரணங்களை ஆராய்ந்து வந்த ஹோல்டேன், பிறீஸ்ற்லி என்பாருடன் சேர்ந்து 1905இல் வெளியிட்ட ஆய்வு, இயல்பு நிலையிற் சுவாசத்தின் அளவை ஆள்வது காபனீரொட்சைட்டே என நிறுவியது. சுவாசப்பையின் சிற்றறைகளில் அவ்வாயு ஒரு வளியமுக்கத்தின் 0.2 வீதமளவு கூடினாலே காற்றோட்டம் இருமடங்காகும் என அவர்கள் கண்டனர். கழுத்துக் குருதிக்குழாய்களை ஒட்டியுள்ள நுண்ணுறுப்புக்கள் குருதியின் வேதி நிலையை அறிந்து சுவாசத்தைத் தூண்டுவதைக் காட்டிய பெல்ஜிய நாட்டு ஹேமன்ஸ் என்பார்க்கு 1938ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. இவையெல்லாம் பெருங் கண்டுபிடிப்புக்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், இடையறாத தூண்டுதலொன்று இடைவிட்ட தாளமாக மாறுவது எவ்வாறு என்னும் மூலவினாவை இவை தொடவில்லை. துருத்தியை எவ்வளவு விசையுடன் ஊதவேண்டும் என்பதைக் காபனீரொட்சைட்டு கூறுகின்றது. ஊதுவான் யாவன் என்பதை அது கூறுவதில்லை.

ஊதுவானைத் தேடி 1923இல் மீண்டும் கத்தியைக் கையிலெடுத்தவர் இங்கிலாந்தினரான லம்ஸ்டன். அவர் பூனைகளின் மூளைத்தண்டை மேலிருந்து கீழாகப் படிப்படியே வெட்டினார். வரோலியின் பாலத்தின் மேற்பகுதியைப் பிரித்து, அலையும் நரம்புகளையும் வெட்டியபோது, பூனை மூச்சை உள்ளே வாங்கியபடியே நெடுநேரம் நின்றது. பாலம் முழுவதையும் நீக்கியபோது, மாளுந் தறுவாயில் உள்ளோர் விடும் மேல்மூச்சுப் போன்ற திணறலே எஞ்சியது. இவற்றைக் கொண்டு அவர் நான்கு மையங்களை வகுத்தார்: சுவாசத்தை ஒழுங்கு செய்யும் மையம், உட்சுவாசத்தைப் பிடித்து நிறுத்தும் மையம், வெளிச்சுவாச மையம், திணறல் மையம் என்பன அவை. இப்பகுப்புப் பாடநூல்களில் ஏறி, பல்லாண்டுக் காலம் மாணவர் மனனஞ் செய்யும் பொருளாயிற்று. புளூரன்ஸின் ஒரு முடிச்சு இவ்வாறு நான்கு மையங்களாக விரிந்தது. ஆயின், குறை பழையதே: ஒவ்வொரு வெட்டும் எதனை நீக்கிற்று, எதனைத் தடுத்தது என அறிய வழியில்லை.

வழி திறந்தது மின்கருவிகளாலேயாகும். 1931இல் ஏட்ரியன், போய்ற்றண்டைக் என்னும் இருவர் பொன்மீனின் மூளைத்தண்டைத் தனியே பிரித்தெடுத்து, அதனிடத்து எழும் மின்மாற்றங்களைப் பதிவு செய்தனர். பூவுமில்லை, தசையுமில்லை, குருதியோட்டமுமில்லை. எனினும், உயிருள்ள மீனின் பூவசைவுக்கு ஒத்த வேகத்தில் மெல்லிய மின்னலைகள் மூளைத்தண்டில் எழுந்து எழுந்து அடங்கின. தாளம் புறத்தேயிருந்து வரும் செய்திகளால் ஆக்கப்படுவதன்று, மூளைத்தண்டுக்கே உரியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று அதுவரை கிடைத்ததில்லை. 1936இல் கெசல் முதலியோர் சுவாசத்துடன் இயைந்து இயங்கும் நரம்புக் கலங்களின் கணத்தாக்கங்களை விலங்கின் மூளைத்தண்டிலேயே பதிவு செய்தனர். 1939இல் பிற்ஸ், மகூன், இறான்சன் ஆகியோர் பூனையின் நீள்வளைய மையவிழையத்தை நுண்மின்னாற் றூண்டி, உட்சுவாசம் விளைக்கும் பகுதியும் வெளிச்சுவாசம் விளைக்கும் பகுதியும் எவ்வாறு அமைந்துள்ளன எனக் காட்டினர். ஒன்று இயங்கும்போது மற்றொன்றை அடக்கும் இரு பகுதிகளின் மாறாட்டமே சுவாசத் தாளம் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது.

ஆராய்ச்சிக் கூடத்தில் இவை நிகழ, மருத்துவமனையில் அதே வினா வேறு வடிவிலே வந்து நின்றது. இளம்பிள்ளைவாத நோய் முண்ணாணையும் மூளைத்தண்டையும் தாக்கும்போது நோயாளியின் சுவாசம் ஓய்ந்துவிடும். 1928இல் பொஸ்ரன் நகரில் டிறிங்கர் என்பார் அமைத்த ‘இரும்புச் சுவாசப்பை’ பலரைக் காத்தது. ஆயின், விழுங்கவும் இயலாதவாறு மூளைத்தண்டு தாக்குண்டவர்க்கு அது போதிய பயன் தரவில்லை. 1952இல் டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. தொடக்க வாரங்களிற் சுவாசம் ஓய்ந்த 31 நோயாளருள் 27 பேர் மாண்டனர். அவ்வாண்டு ஆகத்து மாதம் 27ஆம் நாள், மயக்க மருத்துவரான இப்சன், மாளுந் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் மூச்சுக் குழாயிலே துளையிட்டு, அதன் வழியே இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். ஏனையோருக்கும் அவ்வாறு செய்யப் போதிய பொறிகள் இல்லை. ஆகவே, ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக நோயாளரின் தலைமாட்டில் அமர்ந்து, தம் கைகளாற் பையை அமுக்கி மூச்சு ஊட்டினர். இறப்பு வீதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. நோயாளியின் மூளைத்தண்டு இழந்த தாளத்தை மாணவனின் கை ஈந்தது. லெகல்லுவா முயலிடத்துக் காட்டிய உண்மை மனிதரிடத்து இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது. இன்றுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தோற்றம் இந்நிகழ்ச்சியிலேயே உளது.

புதிய ஆற்றல் புதிய வினாவையும் பிறப்பித்தது. மூச்சைப் பொறி தருமாயின், ஒருவர் இறந்துவிட்டார் என்பதை எவ்வாறு துணிவது? மூச்சு நின்றால் இறப்பு என்பதே தொன்றுதொட்டு வந்த இலக்கணம். பொறியால் மூச்சு நிகழ, இதயமும் துடித்துக்கொண்டிருக்க, மூளையோ மீளாவகை அழிந்து கிடக்கும் நோயாளர் முன்னே அவ்விலக்கணம் பயனற்றதாயிற்று. 1968இல் ஹாவாட் பல்கலைக்கழகக் குழுவொன்றும், 1976இல் பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகளும் புதிய விதிகளை வகுத்தன. அவ்விதிகளுள் முதன்மையானது, தானாக மூச்சு எழுதல் அறவே இல்லையென உறுதி செய்தலாம். பொறியின் ஊக்கத்தை நிறுத்தி, குருதியிற் காபனீரொட்சைட்டு உயரவிட்டு, ஒரு மூச்சாயினும் எழுகின்றதா என மருத்துவர் நோக்குவர். ஹோல்டேன் கண்ட மிகவலிய தூண்டுதலுக்கும் மூளைத்தண்டு விடையளிக்காவிடின், அஃது உயிரிழந்தது எனத் துணிவர். உடற்றொழிலியலார் தேடிய சிற்றிடம் இவ்வாறு சட்டத்தினதும் அறத்தினதும் எல்லைக்கல்லாயிற்று.

ஆயினும், அச்சிற்றிடம் யாது என்பது அப்பொழுதும் திட்டமாக அறியப்படவில்லை. 1984இல் சுசுவே என்னும் யப்பானிய அறிஞர், அப்பொழுது பிறந்த எலியின் மூளைத்தண்டையும் முண்ணாணையும் பிரித்தெடுத்து, ஒட்சிசன் ஊட்டிய உப்புக் கரைசலில் உயிருடன் வைத்து, பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பின் வேர்களில் தாளத்துடன் கணத்தாக்கங்கள் எழுவதைக் காட்டினார். பொன்மீனிற் கண்டது முலையூட்டியிலும் காணப்பட்டது. இம்முறையைக் கைக்கொண்டு, அமெரிக்காவிலே சிமித்து, பெல்ட்மன், ஜேர்மனியரான இறிக்ரர் ஆகியோரும் துணைவரும் 1991இல் ஆற்றிய சோதனை இவ்வரலாற்றின் திருப்பமாகும். அவர்கள் எலியின் மூளைத்தண்டை மில்லிமீற்றரின் சிறுபின்னங்களாக மென்துண்டு மென்துண்டாக வெட்டி வந்து, ஒவ்வொரு வெட்டின் பின்னரும் தாளம் நிலைக்கின்றதா எனப் பதிவு செய்தனர். குறித்த ஒரு சிறுபகுதியை வெட்டு எட்டியதும் தாளம் நின்றது. பின்னர் அப்பகுதியைக் கொண்ட தனித்துண்டு ஒன்றைமட்டும் கரைசலில் இட்டபோது, அம்மெல்லிய துண்டே நாவை இயக்கும் நரம்பின் வழியாக உட்சுவாசத் தாளத்தை வெளியிட்டது. 1812இல் லெகல்லுவா முயலின் தலையில் செய்ததையே இவர்கள் 179 ஆண்டுகளின் பின் கண்ணாடிக் கலத்திற் செய்தனர். வேறுபாடு ஒன்றே: லெகல்லுவா தாளம் நிற்பதைக் கண்டார், இவர்கள் அதனை நிற்கவும் கண்டனர், தனித்து நிகழவும் கண்டனர்.

அப்பகுதி ‘முன்-பெட்சிங்கர் தொகுதி’ எனப் பெயர் பெற்றது. இப்பெயரின் வரலாறு வேடிக்கையானது. 1978இல் ஜேர்மனியிலுள்ள ஹேர்ஷ்ஹோண் என்னும் ஊரில் நடந்த அறிஞர் கூட்டமொன்றின் விருந்தின்போது, அயலிலுள்ள வேறொரு கலத்தொகுதிக்குப் பெயரிட வேண்டியதாயிற்று. உடற்கூற்றில் வரும் பெயர்கள் பெரும்பாலும் அறிஞர் பெயர்களாகவே உள்ளன. எவரையும் சாராத பெயரொன்றைச் சூட்ட எண்ணிய பெல்ட்மன், மேசையிலிருந்த திராட்சை மதுப் போத்தலின் பெயரையே எடுத்துச் சூட்டினார். அதனை அடுத்துக் கிடக்கும் தொகுதி பின்னர் ‘முன்-பெட்சிங்கர்’ ஆயிற்று. உயிர்ப்பின் ஊற்று எனத்தகும் இடம் மன்னன் பெயரும் அறிஞன் பெயரும் தாங்காது, ஒரு போத்தலின் ஒட்டுச்சீட்டிலிருந்து பெயர் பெற்றது.

பிறவுண்-செக்காரின் தடையுரைக்கு விடை இன்னும் எஞ்சியிருந்தது. அத்தொகுதி ஊற்றோ, வழியோ? 1999இல் அங்குள்ள கலங்கள் சிலவற்றின் மேற்பரப்பிலே, ‘பொருள்-பி’ எனப்படும் சிறு புரதத்தைப் பற்றும் வாங்கிகள் செறிந்துள்ளமை காணப்பட்டது. அப்புரதத்துடன் நஞ்சொன்றைப் பிணைத்துச் செலுத்தினால், அவ்வாங்கிகளையுடைய கலங்கள் மட்டுமே நஞ்சை ஏற்று மாளும். கடந்து செல்லும் நார்கள் கேடுறா. கத்தியால் இயலாத பாகுபாடு இந்நஞ்சினால் இயல்வதாயிற்று. 2001இல் வெளிவந்த ஆய்வின்படி, வளர்ந்த எலிகளில் இக்கலங்களில் 80 வீதத்துக்கு மேற்பட்டவை அழிந்தபோது, சுவாசம் தாளம் கெட்டு நிலைதடுமாறியது. அழிக்கப்பட்டவை ஒவ்வொரு பக்கத்திலும் சில நூறு கலங்களே. 2005இல் நிகழ்ந்த மேலாய்வு, இத்தடுமாற்றம் முதலில் உறக்கத்தின்போதே தோன்றி, நாட்செல்ல விழிப்பு நிலைக்கும் பரவுகின்றது எனக் காட்டியது. 2008இல் இத்தொகுதியின் கலவகையொன்றை மரபணு முறையால் திடீரென அடக்கியபோது, விழித்திருந்த எலிகளின் சுவாசமே நின்றது. 2011இல் மனித மூளைத்தண்டிலும் இதற்கொத்த தொகுதி இனங்காணப்பட்டது. புளூரன்ஸ் கூறிய முடிச்சு அவர் கூறிய வடிவில் இல்லையாயினும், சிற்றிடமொன்று உண்டு என்னும் லெகல்லுவாவின் முடிபு உறுதியாயிற்று.

இடம் அறியப்பட்டது, வழிவகை யாது? இதயத்தைப் போலத் தாமே துடிக்கும் கலங்கள் சில அங்குள்ளன. அவையே தாளத்தைத் தருகின்றன என முதலில் எண்ணப்பட்டது. ஆயின், அவற்றின் தற்றுடிப்பை மருந்துகளால் அடக்கிய பின்னரும், கரைசலிலுள்ள துண்டில் தாளம் நிலைத்தல் கூடும் எனக் காணப்பட்டது. ஒன்றையொன்று அடக்கும் இரு பகுதிகளின் மாறாட்டம் என்னும் பழைய கருத்தும் முழு விடையாகவில்லை. அடக்கும் இணைப்புக்களைத் தடுத்தபோதும் துண்டின் தாளம் அற்றுப்போகவில்லை. பலர் இன்று கொள்ளும் விளக்கம் வருமாறு. இக்கலங்கள் குளுற்றமேற்று என்னும் பொருளால் ஒன்றையொன்று தூண்டுவன. அமைதி நிலையிலிருந்து ஓரிரு கலங்கள் மெல்ல இயங்கத் தொடங்குகின்றன. அவை அயற்கலங்களைத் தூண்ட, அவை பிறவற்றைத் தூண்ட, எழுச்சி பெருகி, எல்லாம் ஒருசேரக் கணத்தாக்கங்களைச் சொரிகின்றன. அதுவே உட்சுவாசம். பின்னர் யாவும் களைத்து அடங்குகின்றன. சிறிது ஓய்வின்பின் மீண்டும் ஓரிரு கலங்கள் தொடங்குகின்றன. தேர்வடம் பிடித்தலை இதற்கு உவமையாகக் கூறலாம். தனியொருவன் தேரை அசைக்கமாட்டான். ஓரிருவர் குரலெழுப்பப் பலர் சேர்ந்து இழுக்க, தேர் நகர்கின்றது. இழுத்தோர் இளைப்பாற, நிற்கின்றது. மீண்டும் குரல் எழுகின்றது. இழுத்தவன் யாவன் என வினவின், கூட்டமே என்பதன்றி வேறு விடையில்லை. எனினும், முழுவிலங்கில் அடக்கும் இணைப்புக்களின் பங்கு எவ்வளவு, தற்றுடிப்புக் கலங்களின் பங்கு எவ்வளவு என்பன பற்றி அறிஞரிடையே வாதம் முடிந்தபாடில்லை.

இத்தொகுதி தனித்து ஆள்வதுமன்று. உழைப்பின்போது வலிந்து வெளிவிடும் மூச்சுக்கு வேறொரு கலத்தொகுதி முன்னின்று உதவுகின்றது. காபனீரொட்சைட்டை அறியும் கலங்கள் மூளைத்தண்டின் கீழ்ப்பரப்பை ஒட்டி உள்ளன. பிறவியிலேயே உறக்கத்தில் மூச்சு மறக்கும் அருநோயொன்று குழந்தைகளுக்கு உண்டு. அதற்குரிய மரபணு மாற்றம் 2003இல் கண்டறியப்பட்டது. விழித்திருக்கையில் விரும்பி மூச்சு விடும் ஆற்றல் பெருமூளையின் வழியாக வருகின்றது. உறக்கத்தில் நம்மைக் காப்பது மூளைத்தண்டு ஒன்றே என்பதற்கு அக்குழந்தைகளின் துன்பமே சான்றாம். அபினும் அதன் இனத்து மருந்துகளும் அளவுமிஞ்சினால் உயிர் போக்குவது மூச்சை அடக்கியேயாகும். அம்மருந்துகளைப் பற்றும் வாங்கிகள் முன்-பெட்சிங்கர் தொகுதிக் கலங்களிலும் உள்ளமை 1999ஆம் ஆண்டின் ஆய்விற் றெளிவாயிற்று. பெருமூச்சும் வீணன்று: ஒட்டிச் சுருங்கிய சுவாசச் சிற்றறைகளை அது மீளத் திறக்கின்றது; எலியினத்தில் ஏறத்தாழ 200 கலங்களே அதனை எழுப்புகின்றன என 2016இல் அறியப்பட்டது. அடுத்த ஆண்டில், அதே தொகுதியிலுள்ள ஏறத்தாழ 175 கலங்கள் சுவாசத்தின் செய்தியை விழிப்புணர்வைத் தூண்டும் மூளைப் பகுதிக்கு அனுப்புகின்றன எனவும், அவற்றை நீக்கப்பெற்ற சுண்டெலிகள் பெரிதும் அமைதியுற்றிருந்தன எனவும் காட்டப்பட்டது. மூச்சை அடக்கினால் மனம் அடங்கும் என்னும் யோகியரின் பட்டறிவுக்கு உடற்றொழிலியல் வழியாக ஒரு நுழைவாயில் இதனால் திறந்துள்ளது எனலாம். ஆயின், சுண்டெலியிற் கண்ட ஒன்றைக்கொண்டு யோகநூல் முழுவதும் நிறுவப்பட்டதெனக் கூறுதல் அறிவியல் முறையாகாது.

இவ்வரலாற்றை முழுமையாக நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். ஒவ்வொரு தலைமுறையும் தன் கைக்கெட்டிய கருவியின் அளவுக்கேற்ற விடையையே கண்டது. கத்தியுடையோர் புள்ளிகளையும் மையங்களையும் கண்டனர். வேதியியலார் தூண்டும் பொருள்களைக் கண்டனர். மின்கருவியுடையோர் கலங்களைக் கண்டனர். அவருள் எவரும் முற்றிலும் பிழைத்தவரல்லர். எவரும் முற்றிலும் கண்டவருமல்லர். எண்ணிறந்த விலங்குகளின் உயிர் இவ்வறிவின் விலையாகக் கொடுக்கப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அவ்விலையாற் பெற்ற அறிவே கோப்பன்ஹேகனின் சிறுமி முதலாக இன்றுவரை கணக்கிலாதோர்க்கு மூச்சளித்து வருகின்றது.

உயிர் ஒரு புள்ளியிலே முடிச்சிடப்பட்டுள்ளது எனப் புளூரன்ஸ் கருதினார். இன்று நாம் அறிவது, தனித்து நின்றால் யாதும் செய்யவியலாத சில ஆயிரம் சிறு கலங்கள் ஒன்றையொன்று எழுப்பியும், இளைத்தும், மீண்டும் எழுப்பியும் அத்தாளத்தைக் காத்து வருகின்றன என்பதே. நாள் ஒன்றுக்கு 21,600 முறை அவை இணைகின்றன. நாம் உறங்கும்போதும் அவற்றுக்கு உறக்கமில்லை.